வில்லங்கம் பார்த்த பத்திரம் சார்

வில்லைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் அம்பு இலக்கின் நடுவில் போய்த் தைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். அம்புக்கு எங்கேயும் அடிபட்டுவிடக் கூடாது என்று ஆசைப்பட்ட ஒரே ஆள், இந்தப் பூமியிலேயே எங்கள் பத்திரம் சார் ஒருவர்தான். அவரால் என் மானம் போன அளவுக்கு என் புருஷனாலோ பிள்ளைகளாலோகூடப் போனதில்லை. இதை எழுதும்போதே எனக்குக் காது மடல் சூடாகிறது.

பெரம்பலூரில் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிர்ச் சாரியில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர் அவர். அதனால் பத்திரம் சார். குரும்பலூரில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில்தான் எங்கள் வில் பயிற்சி. அங்கே போன பிறகு அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் இருப்பது தெரிந்தது. யார் நாணை இழுத்தாலும் பின்னால் நின்றுகொண்டு, "பத்திரம்... பத்திரம்..." என்று முணுமுணுப்பார். நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று முதல் வாரம் நான் நெகிழ்ந்தே போனேன். அவர் அம்புக்குச் சொல்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

நான் வில்லுக்குப் போனது வீரத்தினால் அல்ல. டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்தே டிக்கெட் போட்டதில் தோள்பட்டை இறுகிவிட்டது. தலை பின்னக்கூடக் கை மேலே போகவில்லை. டாக்டர், "கையைத் தூக்கி இழுக்குற மாதிரி ஏதாச்சும் செய்யுங்கம்மா" என்றார். கிணற்றில் நீர் இறைக்கலாம் என்றால் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் செல்வம், "குரும்பலூருக்கு வாங்கக்கா, வில்லு விடலாம்" என்று கூப்பிட்டான்.

பத்திரம் சாருக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். யாரோ ஒரு விளையாட்டு வாத்தியார் அந்த நிலத்தில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தாராம். மாற்றலாகிப் போகும்போது வில்லையும் அம்புகளையும் இவரிடம் கொடுத்து, "பத்திரமா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்திரம் எழுதுகிறவரிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? மனுஷன் அதைத் தன் நெஞ்சிலேயே பதிவு செய்துகொண்டுவிட்டார்.

அவருடைய பயிற்சி முறையே தனி. மக்காச்சோளச் சருகைச் சாக்கில் அடைத்து, இறுக்கிக் கட்டி, அடுக்கியதுதான் இலக்கு. எல்லா ஊரிலும் அதன்மேல் நடுவில் மஞ்சள் வட்டம் போட்ட ஒரே ஒரு பெரிய தாளை ஒட்டுவார்கள். இவர் மூலைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்களை ஒட்டி, சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஏம்மா, இங்க பாருங்க. ஒரு அம்புக்கு ஒரு மனை. நாலெல்லையும் பிரிச்சுக் குடுத்திருக்கேன். அவங்கவங்க மனையில அவங்கவங்க இருந்தா சண்டையே வராது."

"நடுவுல ஒரு அம்பு அழகா நிக்குதே சார். அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு விட்டா என்ன?"

"அது ஆக்கிரமிப்பு" என்றார், என்னை நில அபகரிப்புக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்து. "முன்னாடி போனவன் வாலுல பின்னாடி போறவன் இடிச்சான்னா என்னாகும்? வாலு நொறுங்கும். எறகு கிழியும். தண்டுல கீறல் வுழும். எதுக்கு இந்த வம்பு? எடமா இல்ல சாக்குல?"

ஒருநாள் செல்வம் விட்ட அம்பு, ஏற்கெனவே தைத்திருந்த அம்பை உரசிக்கொண்டு போய்த் தைத்தது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வேறு ஊராயிருந்தால் அவனைத் தோளில் தூக்கியிருப்பார்கள். பத்திரம் சார் அவன் கையிலிருந்த வில்லை வாங்கிக்கொண்டு, "உனக்கு இன்னிக்குப் பட்டா ரத்து. போயி உக்காரு" என்று வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்.

இலக்கில் தைத்த அம்பைப் பிடுங்குவதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒரு கையைச் சாக்கின்மேல் பதித்து, இன்னொரு கையால் அம்பை அது தைத்திருக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போலப் பிடித்து, வந்த வழியே நேராக இழுக்க வேண்டும். நான் முதல் நாள் பக்கவாட்டில் ஆட்டி இழுத்தேன். "அது என்ன கடலைச்செடியா புடுங்குறீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குப் பூராவும் என்னை அம்பைத் தொடவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வில்லங்கம் பார்ப்பது. வீடு, நிலம் வாங்குகிறவர்கள் பார்க்கிற அதே வில்லங்கம்தான். நாங்கள் விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அம்பையும் உருட்டிப் பார்த்து, காதோரம் வைத்து, இரண்டு கையாலும் லேசாக வளைத்துக் கேட்பார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் நறநறவென்று சத்தம் வருமாம். அப்படிப்பட்ட அம்பை விட்டால் நாணிலேயே முறிந்து, வில் பிடித்த கையில் சிராய் சிராயாக ஏறிவிடுமாம். இந்த விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு அது தெரியுமா? வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனுஷர் அம்பைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதுதான் தெரியும்.

"யாரு சார் லைன்ல?" என்பான் செல்வம்.

"பேசல. பேசாம இருந்தாத்தான்டா நல்ல அம்பு" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு முதல் அவமானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் விட்ட அம்பு இலக்கைத் தாண்டிப் புல்லுக்குள் போய்விட்டது. புல்லுக்கடியில் பாம்பு மாதிரி நுழைந்துகொண்டுவிட்டால் அம்பு கண்ணில் படாது. யாராவது மிதித்தால் முடிந்தது கதை. எனவே நின்று தேடக் கூடாது என்பது பத்திரம் சாரின் சட்டம். எல்லோரும் வரிசையாக மண்டி போட்டு, புல்லைக் கையால் தடவிக்கொண்டே தவழ்ந்து போக வேண்டும். சுடிதாரோடு நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது ரோட்டோரம் ஒரு பைக் நின்றது. எங்கள் ஆபீஸ் மேனேஜர்.

"என்னம்மா, தாலி கீலி வுழுந்துருச்சா?" என்றார் பதறிப்போய்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துச் சோளக்கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தத் தாலி காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். களைக்கொத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்து எங்களோடு தவழ ஆரம்பித்தார்கள். மேனேஜரும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். கடைசியில் அம்பு கிடைத்ததும் பத்திரம் சார் அதை முந்தானையில் ஏந்திய பிள்ளை மாதிரி துண்டில் ஏந்திக்கொண்டு, "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்றார். வந்த பெண்களில் ஒருத்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்தக் குச்சிக்கா?" என்று கேட்டாள். மறுநாள் ஆபீஸில் மேனேஜர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் உள்ளூர் அவமானம். சகித்துக்கொள்ளலாம். அரியலூர் அப்படியல்ல. அரியலூர் என் புகுந்த வீடு.

அங்கே என் கொழுந்தன் கார்த்தி வில்வித்தையில் மெடல் வாங்கியவன். என் மாமியார் அந்த மெடல்களைக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருப்பார். விசேஷத்துக்குப் போனால் அந்தப் பேச்சுதான். நானும் மருமகளாய் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "நானுந்தான் அத்த வில்லு வுடுறேன்" என்று சொல்லிவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. கார்த்தி, "அப்படியா அண்ணி? அப்ப உங்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்து எங்க டீமோட ஒரு மேட்ச் போடுங்களேன்" என்றான். அத்தை, "வரட்டும், பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' இருக்கிறதே, அதை நீங்கள் என் மாமியார் வாயால் கேட்டிருக்க வேண்டும். ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த வீட்டு ஜனத்தின் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் வேண்டுதல்.

போட்டியன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே சோதனை ஆரம்பித்துவிட்டது. பத்திரம் சார் அம்புகளை ஒரு பிளம்பிங் பைப்புக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர்.

"பிரேக் போட்டா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும்ங்க. மடியிலயே வச்சுக்கறேன்."

"பைப்புக்குள்ள என்னாங்க இடிச்சுக்குது?"

"உள்ள நம்ம பசங்க இருக்காங்க."

பஸ்ஸே எங்கள் பக்கம் திரும்பியது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி, சிமெண்ட் லாரிகளை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டே அரியலூர் வந்து சேர்ந்தேன்.

மைதானத்தில் அத்தை குடையும் டிபன் கேரியருமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். கையில் மைக்கோடு ஒரு பையன். அங்கே இலக்கில் ஒரே ஒரு பெரிய தாள்தான். நடுவில் மஞ்சள் வட்டம்.

முதல் அம்பை விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மஞ்சளிலேயே போய் நின்றது. கைதட்டல். அத்தை பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். எனக்குத் தோள்வலி, முதுகுவலி எல்லாம் பறந்துபோயிற்று.

இரண்டாவது அம்பை எடுத்தேன். மஞ்சளைத்தான் குறிபார்த்தேன். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒருத்தன் குடியிருக்கிறானே. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மாதக்கணக்கில் பழகிய பழக்கம், அது தானாக மேலே இடது மூலைக்கு நகர்ந்து விட்டுவிட்டது. அடுத்தது வலது மூலை. அதற்கடுத்தது கீழே. செல்வமும் மற்றவர்களும் அப்படியேதான். எங்கள் அம்புகள் எல்லாம் தாளில் கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல, ஒன்றை ஒன்று தொடாமல், மரியாதையான இடைவெளியில் நின்றன.

"பெரம்பலூர் அணியினர் இலக்கின் எல்லா மூலைகளுக்கும் மரியாதை செலுத்தியிருக்கிறார்கள்" என்றான் மைக் பையன்.

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அதற்கு நடுவில் பின்னாலிருந்து ஒரே ஒருவர் மட்டும் உண்மையாகக் கை தட்டினார். "அருமை. ஒரு ஆக்கிரமிப்பு இல்ல" என்றார் பத்திரம் சார்.

அத்தை குடையைச் சாய்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "ஏம்மா, நடுவுல வுட்டா போலீசு புடிச்சுருவாங்களா?"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நின்றேன். அது பிளக்கவில்லை. பிளந்திருந்தால் அடுத்து நடந்ததைப் பார்க்காமல் தப்பித்திருப்பேன்.

கார்த்தியின் முறை வந்தது. அவன் விட்ட அம்புகளெல்லாம் மஞ்சளுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு போய் நின்றன. ஒன்று இன்னொன்றின்மேல் 'டக்'கென்று இடித்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. பத்திரம் சார் மட்டும் தன்னையே யாரோ அடித்ததுபோல முகத்தைச் சுளித்தார். கார்த்தி அம்புகளைப் பிடுங்கி வந்து, அடுத்த சுற்றுக்கு அந்த இடிபட்ட அம்பையே நாணில் வைக்கப் போனான்.

"தம்பி, நில்லு" என்று கோட்டைத் தாண்டி ஓடினார் சார். "அத வுடாத. அதுல வில்லங்கம் இருக்கு. கையில ஏறிடும்."

"நான் பாத்துட்டேன் சார். நல்லாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியாது. குடு இப்படி."

வாங்கிக்கொண்டார். காதில் வைத்தார். லேசாக வளைத்தார். மைக்கில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அம்பு பேசினாலும் அவருக்குக் கேட்டிருக்காது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வளைத்தார். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம். மைதானம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மனசுக்குள், 'போதும் சார், போதும் சார்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

படக்.

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். பத்திரம் சாரின் இரண்டு கைகளிலும் பாதிப் பாதியாக அம்பு இருந்தது. கார்த்தி அதையே பார்த்தான்.

"சார், அது நல்லாத்தான சார் இருந்துச்சு."

சார் முறிந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பழைய கீறல் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "இருந்துச்சு தம்பி" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

"இவருதான் உங்க வாத்தியாரா?" என்று கேட்டார் அத்தை.

"ஆமாங்கத்த" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

அம்புக்கு ஒரு கீறல் விழுந்தால் சோறு இறங்காத மனுஷன், ஊர் கூடிய இடத்தில், ஒரு நோவும் இல்லாத அம்பைத் தன் கையாலேயே முறித்துவிட்டார். அதுவும் என் கொழுந்தனின் அம்பை. யாரோ அதை வீடியோ எடுத்து, எங்கள் குடும்ப குரூப்பில் அப்போதே போட்டுவிட்டார்கள். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. நான் போனை அணைத்துப் பையில் போட்டேன்.

 சார் தன் பைப்பின் மூடியைத் திறந்தார். எங்களில் யாரையும் தனியாகத் தொடவிடாத அம்புகளிலிருந்து ஒன்றை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். கார்த்தியிடம் நீட்டினார்.

"வேணாம் சார். பரவால்ல, எங்கிட்ட வேற இருக்கு."

"வச்சுக்க தம்பி. உன் வில்லுக்கு ஒத்து வருதான்னு பாத்துட்டு வுடு. நான் ஒடச்சுட்டேன்ல."

கார்த்தி வாங்கிக்கொண்டான். நாங்கள் தோற்றோம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் விருந்தாளிகளைப் பட்டினியாக அனுப்புகிற வழக்கம் அத்தைக்குக் கிடையாது. எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கோழிக்குழம்பு வைத்தார். பத்திரம் சார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கண் மட்டும் ஜன்னல் பக்கமே இருந்தது. கார்த்தி அந்த அம்பை ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தான்.

"தம்பி, வெயில் படுது" என்றார்.

"சாப்புடுங்க சார், ஆறிடப் போவுது" என்றார் அத்தை.

கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், இடது கையாலேயே அம்பை நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பந்தியில் இருந்த சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

 அந்த வாரம் முழுக்க அரியலூரிலிருந்து வந்த எந்தப் போனையும் நான் எடுக்கவில்லை. அத்தை கூப்பிட்டார், கார்த்தி கூப்பிட்டான். இனிமேல் அந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு மிதிப்பது என்று நினைத்தாலே எனக்குக் குப்பென்று வியர்த்தது. என் புருஷன், "வுடு, ஒரு வருஷத்துல மறந்துடுவாங்க" என்று ஆறுதல் சொன்னார். அவருக்குத் தன் ஜனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை குரும்பலூருக்குப் போனோம். பத்திரம் சார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வில்லைத் தொடவில்லை. வில்லங்கமும் பார்க்கவில்லை. செல்வம் வேண்டுமென்றே ஒரே வட்டத்துக்குள் அம்புகளை மோதவிட்டான். சத்தம் கேட்டும் சார் தலையைத் தூக்கவில்லை.  திட்டுவாங்கியே பழகிய இடத்தில் திட்டு இல்லையென்றால் எப்படி நிற்பது?

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஒடம்புக்கு என்னம்மா, நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அரியலூர்ல சிமெண்டு தூசி ஜாஸ்தி. அந்தத் தம்பி தொடச்சு வச்சானோ என்னவோ. புள்ளைங்க இருக்குற வூடு வேற."

எந்த வீட்டுக்கு இந்த ஜென்மத்தில் போன் செய்யக் கூடாது என்று இருந்தேனோ, அந்த வீட்டு நம்பரைப் போட்டேன். கார்த்திதான் எடுத்தான்.

"தம்பி, நல்லாருக்கீங்களா? அந்த அம்பு எப்படி இருக்கு?"

 "அண்ணி, நெசமாவே அம்பத்தான் கேக்குறீங்களா?"

"ஆமாப்பா. தொடச்சு வச்சீங்களா?"

சார் எழுந்து வந்து என் போன் பக்கம் குனிந்தார். "எறகு மடங்காம இருக்கான்னு கேளும்மா. சாய்ச்சு வைக்க வேணாம், படுக்க வைக்கச் சொல்லு." நான் அப்படியே ஒப்பித்தேன். அந்தப் பக்கம் அத்தை போனை வாங்கி, "ஏம்மா, உனக்கு ஒண்ணும் ஆயிடலியே?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

இப்போது ஞாயிறு தவறாமல் நான் அரியலூருக்குப் போன் போட்டு அம்பின் சுகம் விசாரிக்கிறேன். கார்த்தி அதை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் இருக்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறான். அவர்கள் சிரிப்பது எனக்கு நன்றாகவே கேட்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போனை வைத்துவிட்டு, "நல்லா இருக்காம் சார்" என்று நான் சொன்ன பிறகுதான் அந்த மனுஷன் எழுந்து வில்லைத் தொடுகிறார்.